தாம்பாளத்தில் கொட்டிய பனி

எட்டு மாதம் வெயிலுக்குப் பயந்து பிள்ளையை ஏசிக்குள் அடைத்து வைக்கிறோம். நவம்பர் பிறந்து, கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்காமல் காற்று அடிக்கிற நாலு மாதம்தான் எங்களுக்கு வெளியுலகம். அந்த நாலு மாதத்திலும் "வீட்டுக்குள் உட்கார்ந்து பனி செய்யுங்கள்" என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் வந்தால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? எனக்கு வந்தது. இதை எழுதும்போதும் அது அணைந்தபாடில்லை. அதனால் நிதானமாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நாங்கள் இருப்பது ஷார்ஜாவில், முவைலாவில். எங்கள் கட்டிடத்துக்கு எதிரே இன்னும் யாரும் அஸ்திவாரம் தோண்டாத மணல் திடல் ஒன்று இருக்கிறது. டிசம்பர் மாலைகளில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கேதான். ஒரு மூலையில் சைக்கிள், ஒரு மூலையில் கிரிக்கெட், இன்னொரு மூலையில் யாராவது கரி அடுப்பு மூட்டிக் கோழி சுட்டுக்கொண்டிருப்பார்கள். காலையில் எட்டிப் பார்த்தால் கீழே நிற்கிற கார்க் கண்ணாடிகள் எல்லாம் வேர்த்திருக்கும். எங்கள் குளிர்காலம் இவ்வளவுதான், இதுவே எங்களுக்கு ஏகப்பட்டது. அதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரி இல்லை.

தாளில் இருந்ததெல்லாம் வேறு தேசத்துக் குளிர். பேக்கிங் சோடாவில் பனி செய்து ஒரு தட்டில் கொட்டிப் பிள்ளையை அளையவிட வேண்டும். பொம்மைகளைத் தண்ணீரில் போட்டு உறையவைத்து, பிள்ளை அவற்றை மீட்க வேண்டும். ஷேவிங் நுரையில் பனிமனிதன் செய்ய வேண்டும். கையுறை மாட்டிக்கொண்டு பஞ்சு உருண்டைகளைப் பொறுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் வீடியோ எடுத்து பள்ளியின் ஆப்பில் ஏற்ற வேண்டும். இதற்குப் பெயர் சென்சரி ப்ளே. தொட்டும் முகர்ந்தும் பிசைந்தும் பிள்ளை உலகத்தைக் கற்றுக்கொள்ளும் விளையாட்டு என்று கீழே விளக்கம் போட்டிருந்தார்கள். மாவு பிசைகிற வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு இதை ஆங்கிலத்தில் தாள் அடித்துச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது பாருங்கள்.

சிரித்துவிட்டுக் குப்பையில் போட்டிருக்கலாம். போட முடியாமல் செய்தது முதல் பருவ அறிக்கை. என் மகளுக்கு நாலு வயது, கேஜி ஒன்றில் படித்தாள். அவளைப் பற்றி அறிக்கையில் மூன்று வரி எழுதியிருந்தார்கள். பொருள்களைத் தொடுவதில்லை. குழு விளையாட்டில் சேர்வதில்லை. கவனிக்கப்பட வேண்டும். குளிர்கால விடுமுறையில் வீட்டில் எடுக்கிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஜனவரியில் முடிவு செய்வார்களாம். திருப்தி இல்லையென்றால் வெளியே ஒரு மையத்தில் அசெஸ்மென்ட், அதாவது பிள்ளையின் வளர்ச்சியில் குறை உண்டா என்று சோதனை. அங்கே ஏதாவது பெயர் சூட்டி அனுப்பிவிட்டால், ஏப்ரலில் கேஜி இரண்டுக்கு அவளுடைய சேர்க்கை நிபந்தனையோடுதான். வகுப்பில் அவள் பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வைக்க வேண்டும், இல்லையென்றால் வேறு பள்ளி பார்க்க வேண்டும். அந்தப் பள்ளியில் இடம் கிடைக்க நாங்கள் ஒரு வருடம் காத்திருந்தோம்.

உண்மையிலேயே என் மகளுக்கு ஈரமும் பிசுபிசுப்பும் ஆகாது. விரலில் பெயின்ட் பட்டால் கையைத் தூரமாக நீட்டிக்கொண்டு அழுவாள். இட்லியை ஸ்பூனில்தான் சாப்பிடுவாள். இதில் என்ன குற்றம் என்று எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. என் கணவர் பலாப்பழச் சுளையைத் தொடமாட்டார், யாராவது உரித்துக் கொடுக்க வேண்டும். முப்பத்தாறு வயதாகிறது, ஃபுஜைராவில் எண்ணெய்க் கிடங்கில் இன்ஜினியராக நன்றாகத்தான் வேலை பார்க்கிறார். அவரை யாரும் அசெஸ்மென்டுக்கு அனுப்பவில்லை.

அவர் அங்கே கம்பெனி ரூமில் தங்கி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடுவார். அதனால் பனி செய்கிற பொறுப்பு என் தலையில். மகளைக் கூட்டிக்கொண்டு ரோலா கடைத்தெருவுக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே நாலைந்து அம்மாக்கள் கையில் அதே தாளோடு நின்றுகொண்டிருந்தார்கள். பஞ்சு இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர், "காட்டன் கலாஸ், பெஹன். சப் ஸ்கூல் கா மம்மி லே கயா" என்று கையை விரித்தார், பஞ்செல்லாம் பள்ளிக்கூடத்து அம்மாக்கள் வாங்கிப் போய்விட்டார்களாம். பிளாஸ்டிக் பென்குயின் ஒரு பை இருந்தது, வாங்கிக்கொண்டேன். பாலைவனத்துக் கடையில் பென்குயினுக்குத் தட்டுப்பாடு இல்லை.

முதல் நாள் பென்குயினை டிபன் டப்பாவில் தண்ணீர் ஊற்றி உறையவைத்தேன். மகள் வந்தாள், குனிந்து பார்த்தாள். பனிக்கட்டியைத் தட்டி உடைத்துப் பென்குயினைக் காப்பாற்ற வேண்டும் என்று சொன்னேன். அவள் டப்பாவைத் தொடவே இல்லை.

"அம்மா, இட்ஸ் மெல்டிங். வெயிட் பண்ணலாம், அதுவே வந்துரும்" என்றாள்.

சொன்னபடியே அது வந்தது. சிங்க்கில் முக்கால் மணி நேரம் கழித்துப் பென்குயின் தானாக மிதந்தது. எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. நாலு வயதில் எத்தனை பேருக்கு இந்தப் புத்தி வரும்? வீடியோவை ஏற்றினேன். "குழந்தை ஈடுபடவில்லை, மீண்டும் முயற்சி செய்யவும்" என்று பதில் வந்தது.

அடுத்தது ஷேவிங் நுரை. குளியலறையில் என் கணவருடைய டப்பா இருந்தது. பேக்கிங் சோடாவோடு அதைக் கலந்து ஒரு பிளாஸ்டிக் தட்டில் குவித்தேன். சும்மா சொல்லக்கூடாது, பார்க்கப் பனி போலத்தான் இருந்தது. மகள் பக்கத்தில் வந்தவள் மூக்கைச் சுருக்கி முகர்ந்தாள். முகம் மலர்ந்தது. திரும்பிக் குளியலறைக்கு ஓடினாள்.

"அப்பா வந்துட்டாங்களா?"

அன்று செவ்வாய்க்கிழமை. குளியலறை காலியாக இருந்தது. அவள் திரும்பி வந்து தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எட்டி நின்றுகொண்டாள். நான் கேமராவை ஓடவிட்டு ஸ்டாண்டில் வைத்திருந்தேன். கொஞ்சினேன், சாக்லேட் தருகிறேன் என்றேன், மிரட்டினேன். அப்புறம் செய்ததைச் சொல்ல வாய் கூசுகிறது. அவள் மணிக்கட்டைப் பிடித்து நுரைக்குள் அழுத்தினேன். அவள் வீல் என்று கத்திய கத்தலுக்குப் பக்கத்து ஃப்ளாட்டில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கையை விட்டதும் அவள் நுரையைத் துடைக்கக்கூடத் தெரியாமல் நின்று, "சாரி அம்மா, சாரி அம்மா" என்றாள்.

தப்பு செய்தவள் நான். மன்னிப்புக் கேட்டது அவள். பள்ளிக்கூடத்தின் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் ஒன்றுமில்லை, அன்று என் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு முன்னால். அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கை கழுவிவிட்டு, அந்தத் தட்டை நுரையோடு குப்பைப் பையில் போட்டுக் கட்டினேன். வீடியோவை அழித்தேன்.

அன்று மாலை அவரிடம் போனில் சொன்னேன். "இந்தக் கருமாந்தரமே வேண்டாமுங்க. விட்றலாம்" என்றேன்.

"விட்டுப்போட்டு? நடுவருசத்துல வேற ஸ்கூல்ல சீட்டுக்கு எங்க போய் நிக்கறது?" என்றார். "ஒரு வீடியோதான? அவ கை அதுல பட்டாப் போதும். நீ கோவப்படாம பாரு."

கோபப்படாமல் பாரு. மணிக்கட்டைப் பிடித்ததை அவரிடம் நான் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து எனக்கு ஒரு யோசனை வந்தது. ஈரம்தானே அவளுக்கு ஆகாது? உலர்ந்த பனி செய்வோம். சோடா, நுரை, கண்ட கருமமும் எதற்கு? பச்சரிசி மாவு இருந்தது, கொழுக்கட்டைக்கு என்று ஊரிலிருந்து இடித்துச் சலித்துக் கொண்டுவந்தது. அதை ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவைத்தேன். கொட்டுவதற்குத் தட்டு இல்லை, இருந்த ஒன்றைத்தான் குப்பையில் போட்டாகிவிட்டதே. சாமி அலமாரியில் இருந்த பெரிய பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து, மாவை அதில் மலை மாதிரி குவித்து, பக்கத்தில் பென்குயின்களை நிற்க வைத்தேன். கேமராவை வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை, தொடு என்றுகூடச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளி நாட்களில் பஸ் ஆறேகாலுக்கு வந்துவிடும், அரைத்தூக்கத்தில் இருப்பவளின் நெற்றியில் நானே திருநீற்றை இழுத்துவிட்டு அனுப்பிவிடுவேன். விடுமுறை நாட்களில் குளித்ததும் அவளே சாமி அலமாரிக்கு முன்னால் வந்து நிற்பாள். தாம்பாளத்தில் திருநீறு இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு, மூன்று விரலால் எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு, ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொள்வாள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். விரலில் எது பட்டாலும் அழுகிறவள் இதற்கு மட்டும் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஏன் என்று நானும் யோசித்ததில்லை.

தாம்பாளத்தைப் பார்த்ததும் அவள் நேரே வந்தாள். உட்காராமல், காலைச் சேர்த்து வைத்து நின்றாள். கண்ணை மூடினாள். மூன்று விரலை மாவுக்குள் விட்டு எடுத்து நெற்றியில் பட்டையாக இழுத்தாள். ஒரு சிட்டிகையை வாயில் போட்டாள். அப்புறம் கண்ணைத் திறந்து பென்குயின்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்து அவற்றின் நெற்றியிலும் பூசினாள். பென்குயினுக்கு நெற்றி எது என்று அவள் ரொம்ப நேரம் தேடினாள்.

"கண்ண மூடிக்கோ. ஆடாத. நல்லா படிக்கணும்னு கேட்டுக்கோ" என்று அதற்குப் புத்தி வேறு சொன்னாள்.

கடைசியில் எனக்கும் பூசிவிட வந்தாள். வீடியோவின் முடிவில் கேமராவை நோக்கி அந்தச் சின்னக் கை வருவது தெரியும், மூன்று விரலும் வெள்ளையாக. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தொட்டுவிட்டாள். யாரும் கையைப் பிடித்து அழுத்தாமல், மிரட்டாமல், தானாக, சிரித்துக்கொண்டு தொட்டுவிட்டாள். இதைவிட நல்ல வீடியோ அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எவள் அனுப்பியிருக்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு நொடிகூட யோசிக்காமல் ஏற்றினேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்களே, அதை நான் வைஃபையில் வைத்துக்கொண்டேன்.

விடுமுறை முடிந்ததும் நேரில் வரச் சொல்லிப் போன் வந்தது. அறையில் சூப்பர்வைசர் இருந்தார், வேறு தேசத்துக்காரர், மென்மையாகப் பேசுகிற பெண்மணி. பக்கத்தில் என் மகளின் வகுப்பு ஆசிரியை. அந்த ஆசிரியை ஈரோட்டுக்காரர். முதல் நாளே என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்க கோயமுத்தூருங்களா?" என்று மெதுவாகக் கேட்டவர். நம்ம ஊர்ப் பெண் ஒருத்தி வகுப்பில் இருக்கிறாள் என்று அன்று நான் வீட்டுக்கு வந்து நிம்மதியாகக் காபி குடித்தேன்.

சூப்பர்வைசர் லேப்டாப்பில் என் வீடியோவை ஓடவிட்டார். பேச்செல்லாம் ஆங்கிலத்தில், நான் தமிழில் சொல்கிறேன்.

"இங்கே பாருங்கள், குழந்தை பொருளை வாயில் போடுகிறது. முகத்தில் தேய்த்துக்கொள்கிறது. இந்த வயதில் இது கவலைக்குரியது. கொடுத்த பொருளை வைத்து விளையாட அவளுக்குத் தெரியவில்லை" என்றார்.

எனக்கு முதலில் அவர் யாரைச் சொல்கிறார் என்றே விளங்கவில்லை. விளங்கியதும் படபடவென்று சொல்லத் தொடங்கினேன். அது அரிசி மாவு, சாப்பிடுகிற பொருள் என்றேன். திருநீறு என்று ஒன்று உண்டு, எங்கள் வீட்டில் இப்படித்தான் பூசுவோம், தாம்பாளத்தைப் பார்த்து அப்படி நினைத்துக்கொண்டாள் என்றேன். பென்குயினுக்கும் பூசி விட்டாளே, அதோடு பேசினாளே, பாவனை விளையாட்டு என்று உங்கள் தாளில் போட்டிருப்பது இதுதானே என்றேன்.

"ஆனால் அது பனி என்று அவளுக்குப் புரியவில்லையே" என்றார் அவர்.

"அவள் பனியைப் பார்த்ததே இல்லை, மேம். நானும் பார்த்ததில்லை. இந்த ஊரில் யார் பார்த்திருக்கிறார்கள்?"

அவர் சிரித்தார். நல்ல சிரிப்புத்தான், ஆனால் பேனாவை எடுத்து அசெஸ்மென்ட் படிவத்தில் ஏதோ எழுதத் தொடங்கினார். நான் ஆசிரியையைப் பார்த்தேன். அவர் மடியிலிருந்த ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரோட்டில் பிறந்து வளர்ந்தவளுக்குத் திருநீறு தெரியாதா? ஒரு வார்த்தை, ஆமாம் மேம், அது எங்கள் வழக்கம் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். எனக்குப் பொறுக்கவில்லை.

"மிஸ், நீங்களே சொல்லுங்க. அவ என்ன பண்றான்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று தமிழில் கேட்டேன்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "இங்கிலீஷ் ப்ளீஸ், மேம்" என்றார்.

என்னை அதுவரை யாரும் அறைந்ததில்லை. அறைந்தால் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். காது சூடாகிவிட்டது. ஆங்கிலத்தில் நான் அதையே கேட்டிருக்கலாம். என் ஆங்கிலத்துக்கு ஒரு குறைவும் இல்லை, கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருடம் அதில்தான் சம்பாதித்தேன். ஆனால் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

வராந்தாவில் ஆசிரியை பின்னாலேயே ஓடிவந்தார்.

"அக்கா, ஒரு நிமிசம் நில்லுங்க."

நின்றேன். அக்கா என்றதும் இன்னும் எரிந்தது.

"எனக்குத் தெரியாதுங்களா அக்கா? எங்கூட்லயும் அப்படித்தான். எம் பையனும் அள்ளி அள்ளித் திம்பான்" என்றார். சுற்றிலும் பார்த்துக்கொண்டார். "மார்ச்சோட எனக்குக் கான்ட்ராக்ட் முடியுதுங்க. புதுப்பிக்கறது அந்த மேடம் கையிலதான். உங்களுக்கு சப்போர்ட் பண்றேன்னு அவங்க நெனச்சுட்டா நாங்க மூட்டையக் கட்ட வேண்டியதுதான்."

"அதுக்காக எம் புள்ளையக் கட்டிப் போடுவீங்களா?"

"இல்லீங்க அக்கா. கேளுங்க. அசெஸ்மென்ட் வேண்டாம், ரெண்டு வாரம் டைம் குடுங்க, நானே பாத்துக்கறேன்னு மேடத்துக்கிட்ட பேசிர்றேன். வாய்ல போடக்கூடாதுன்னு கிளாஸ்ல சொல்லிச் சொல்லிப் பழக்கீர்றேன். ரிப்போர்ட்ல நல்லபடியா எழுதிர்றேன். சீட்டு பத்திரமா இருக்கும்."

அவர் கண் கலங்கியிருந்தது. பொய்யில்லை. ஆனால் அந்த அறைக்குள் பேச வேண்டியதை வராந்தாவில் பேசுகிற கண்ணீரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இது ஆடு நனைகிறது என்று ஓநாய் அழுத கதையும் இல்லை, அவரும் நனைகிற ஆடுதான். தெரிகிறது. தெரிந்தும் மனசு ஆறவில்லை. வேண்டாம், அசெஸ்மென்டுக்கே கூட்டிப் போகிறேன், என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று அவர்களே எழுதித் தரட்டும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் கணவர் முன்பே போனில் சொல்லியிருந்தார், வாயை விடாதே, சீட்டுப் போய்விடும் என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ரொம்ப நன்றிங்க" என்றேன்.

இரண்டு வாரம் போயிற்று. மகளிடம் வகுப்பில் என்ன நடக்கிறது என்று கேட்டால், "வொயிட் ட்ரே விளையாண்டோம்" என்பாள். அதற்குமேல் சொல்லமாட்டாள். அழாமல் போனாள், அழாமல் வந்தாள். நானும் தோண்டிக் கேட்கவில்லை. மாலையில் எதிர்த் திடலுக்குக் கூட்டிப் போனேன். செருப்பைக் கழற்றாமல் மணலில் நடந்தாள். அது போதும் என்று இருந்தேன்.

ஜனவரி கடைசியில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், ஆப்பில் செய்தி வந்தது. கேஜி இரண்டுக்கு இடம் உறுதி, நிபந்தனை எதுவும் இல்லை. அசெஸ்மென்ட் தேவையில்லை. மிகச் சிறந்த முன்னேற்றம், சொன்னதைப் புரிந்து நடக்கிறாள் என்று ஆசிரியை எழுதியிருந்தார். மறைக்காமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் கணவருக்குப் போன் செய்தேன். "பாத்தியா, நாஞ் சொல்லல?" என்றார். கேசரி கிண்டினேன். மகள் ஸ்பூனில் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஷார்ஜாவில் பள்ளி கிடையாது. குளிக்க வைத்து, தலை துவட்டி, சாமி அலமாரிக்கு முன்னால் நிறுத்தினேன். மூன்று நாலு வாரமாக ஏதேதோ அலைச்சலில் விடுமுறை நாள் பூஜை தவறிப்போயிருந்தது. தாம்பாளத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தேன். பழனியிலிருந்து வந்த புதுப் பொட்டலத்தைப் பிரித்துத் திருநீற்றைக் கொட்டி அவளுக்கு முன்னால் நீட்டினேன்.

அவளுடைய இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.

"எடுத்துக்கோ கண்ணு."

"நோ தேங்க் யூ, அம்மா."

"ஏன் அம்மிணி?"

"வெயிட்டிங் ஹேண்ட்ஸ்" என்று திரும்பி நின்று காட்டினாள். ஒரு கையை இன்னொரு கை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல் நுனிகள் வெளுத்திருந்தன. "வொயிட் பவுடர் வாயில போட்டா பேபி கிளாஸுக்கு அனுப்பிருவாங்க. நான் போடல. மிஸ் எனக்கு ஸ்டார் குடுத்தாங்க."

"அது ஸ்கூல்ல கண்ணு. இது நம்ம வீடு. இது திருநீறு. இங்க யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. அம்மா போட்டுக்கறேன் பாரு" என்றேன். குரலை எவ்வளவோ அடக்கித்தான் சொன்னேன். மூன்று விரலால் எடுத்து என் நெற்றியில் பூசிக்கொண்டு, ஒரு சிட்டிகையை வாய்க்குக் கொண்டுபோனேன்.

அவள் முகம் மாறிவிட்டது. பின்னால் கட்டியிருந்த கையை விடுவித்துக்கொண்டு ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேண்டாம் அம்மா! நீ போடாத! உன்னையும் அனுப்பிருவாங்க!"

சொல்லிவிட்டு, என் விரலில் இருந்ததைத் துடைக்க டிஷ்யூ எடுத்துவரப் போனாள்.